மயிலுக்குப் போட்ட பேருரைகள்

பாட்காஸ்டின் எழுச்சியைப் பற்றிப் பேராசிரியர்கள் பேசிப் பதிந்த உரைகளை எல்லாம் கேட்டு முடித்தால்தான் எனக்குப் பயிற்சிச் சான்றிதழ் கிடைக்கும். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்காது. கடைசி பெஞ்சில் இருப்பவர்கள் என் வகுப்பை விடுமுறைக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். பொங்கல் லீவுக்கு உரைகளைப் போனில் இறக்கிக்கொண்டு முக்கூடலில் தம்பி வீட்டுக்குப் போனேன்.

தம்பி முகமே சரியில்லை. பிசானப் பருவத்து நெல் பால் பிடிக்கிற நேரத்தில் மயில்கள் கூட்டமாக இறங்கிக் கதிரை உருவிக்கொண்டிருந்தன. முருகன் வாகனம், கல்லெறிய மனசும் வராது, சட்டமும் விடாது. “இந்த வெள்ளாமையும் போச்சுன்னா வயல வித்துட்டுத் திருப்பூருக்குப் போயிருவேன்க்கா” என்றான். அப்பா அம்மா போன பிறகு, பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் இருப்பது அவன் ஒருத்தன்தான்.

வரப்பில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கம்பில் கட்டி, “ஏய், போ” என்று தன் குரலையே பதிந்து ஓடவிட்டிருந்தான். மயில்கள் அதற்குப் பழகி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தன. பாட்டாவது போட்டுப் பார்ப்போம் என்று அன்று என் போனையும் அதில் சேர்த்தான். பாட்டும் பலிக்கவில்லை.

மறுநாள் காலை வயலோரத்து மோட்டார் ரூமில் உட்கார்ந்து முதல் உரையைத் தட்டினேன். போன் என்னைக் கேட்காமலே வயல் ஸ்பீக்கரோடு போய்ச் சேர்ந்துகொண்டது. “பாட்காஸ்ட் என்பது தனி ஒருவரின் காதோடு நடக்கும் அந்தரங்க உரையாடல்” என்று பேராசிரியர் ஆற்றங்கரை வரை முழங்கினார். மயில்கள் மொத்தமும் எழுந்து பறந்தன.

பதறிப்போய் நிறுத்தப் போனேன். தம்பி ஓடிவந்து கையைப் பிடித்தான். “நிப்பாட்டிராதக்கா.”

அதிலிருந்து நானும் ஊர் வயக்காடும் சேர்ந்தே படித்தோம். தம்பி பேராசிரியர்களைத் தரம் பிரித்துவிட்டான். இருமுகிறவர்தான் முதல் தரம். தண்ணீர் குடிக்க நிறுத்துகிறவர் மேல் அவனுக்குக் கொலைவெறி. அவர் ஒரு மடக்குக் குடிப்பதற்குள் நாலு மயில் இறங்கிவிடும். இதமாகப் பேசிய ஓர் அம்மையாரை வேண்டவே வேண்டாம் என்றான். “அவுக பேசுனா மயிலு கிட்ட வந்து நின்னு கேக்குக்கா.” பக்கத்து வயல் அண்ணாச்சி ஒருநாள் வந்து, “ஏம்மா, விளம்பர வருமானம் பத்திச் சொன்னாரே, அவரு இன்னைக்கு லீவா?” என்று விசாரித்தார்.

லீவு முடிவதற்குள் உரைகளும் மயில்களுக்குப் பழகிவிட்டன. கேட்பவர்களைத் தக்கவைப்பது எப்படி என்ற கடைசி உரை ஓடும்போது, தோகை வைத்த ஒன்று ஸ்பீக்கருக்குக் கீழேயே நின்று நிதானமாகக் கதிரை உருவியது. தம்பி தலையில் கைவைத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கி, மயிலையும் அதன் பரம்பரையையும், பேராசிரியர்களையும், சான்றிதழ் கேட்ட கல்லூரியையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன். வகுப்பில் சொல்லமுடியாத வார்த்தைகள். மயில்கள் ஆற்றைத் தாண்டிப் போய்விட்டன. திரும்பினால், தம்பி போனை நீட்டிப் பிடித்துப் பதிந்துகொண்டிருந்தான்.

தம்பி ஸ்பீக்கரில் ஓடவிட்ட என் குரலுக்கு மட்டும் மயில்கள் கடைசிவரை பழகவில்லை. மாசியில் அறுப்பு முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்தது. நான் ஊருக்குப் போனபோது வழியில் பார்த்தவர்கள் எல்லாம் மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். மானம் போகிறது, அந்தப் பதிவை முதலில் அழி என்று தம்பியிடம் சண்டை போட்டேன்.

ஸ்பீக்கரைத் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டே அவன் சொன்னான். “அழிச்சிட்டா, அடுத்த போகம் கார் நெல்லுக்கு யாருக்கா வந்து திட்டுவா?”