நாலாம் நம்பர் பிரஸ்ஸின் கணக்கு

பேய், ஆவி, காத்து கருப்பு எதிலும் எனக்கு எந்தக் காலத்திலும் நம்பிக்கை இருந்ததில்லை. நாங்கள் இருக்கிற பட்டாபிராம் ஃபிளாட்டில் மூன்றாவது மாடிக் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது என்று எல்லாரும் நடுங்கியபோது, ஏணி போட்டு ஏறிக் கீலுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்தவள் நான். அதனால் கதை கட்டுகிறாள் என்று மட்டும் நினைக்காதீர்கள். ‘கம்ப்யூட்டரில் கேஷ் கிளியர் பண்ணினாயா, ரீபூட் பண்ணினாயா’ என்றும் தயவுசெய்து கேட்காதீர்கள், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பண்ணினேன். எல்லாம் பண்ணினேன்.

எங்கள் கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது. வண்டிகளுக்கு வேண்டிய சின்னச் சின்னத் தகடுகளை அடித்துத் தருகிற பிரஸ் ஷாப், நான் அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனிக்கிற சிஸ்டம் அட்மின். ஒவ்வொரு பிரஸ்ஸிலும் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கும், பிரஸ் ஒருமுறை இறங்கி அடித்தால் பெட்டி அதை ஒன்று என்று எண்ணி, தனக்கென்று இருக்கிற முகவரியிலிருந்து என் சர்வருக்கு அனுப்பும். சர்வர் லினக்ஸில் ஓடுகிறது, உள்ளே வேலைகள் எல்லாம் கண்டெய்னர் என்கிற தனித்தனி அறைகளில் நடக்கும். எது உள்ளே வந்து கண்டெய்னரோடு பேசலாம், எது பேசக்கூடாது என்று பார்ப்பது ஃபயர்வால். அந்த ஃபயர்வாலுக்கு அடியில் இத்தனை வருஷமாக ஐபிடேபிள்ஸ் என்கிற புரோகிராம்தான் இருந்தது, இனி அந்த இடத்துக்கு என்எஃப்டேபிள்ஸ் வரப்போகிறது என்று உலகம் முழுக்கப் பேச்சு. கடைசி நேரத்தில் அடித்துப் பிடித்து ஓடுவானேன், நாமே முன்கூட்டி மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரே சங்கடம், பழையதில் நாம் கையால் எழுதி வைத்த தடைகள் புதியதற்குத் தானாக வராது. ஒவ்வொன்றையும் பார்த்துத் திரும்ப எழுத வேண்டும்.

எழுத நான் தயார்தான். ஆனால் எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், ஒரு தடைக்கு மட்டும் ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை எழுதாமல் போயிருந்தார். ஒரே ஒரு முகவரி, அதிலிருந்து எதுவும் உள்ளே வரக்கூடாது, அவ்வளவுதான். பிளான்ட் மேனேஜரிடம் போய்க் கேட்டேன். “அது கெடக்குதும்மா, விடு” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களுக்குக் கெடக்கும், நாளைக்கு ஏதாவது நின்றால் திட்டு வாங்குவது நான். காரணம் சொல்ல முடியாத தடையை நான் எழுத மாட்டேன் என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

சர்வரை நிறுத்தி வேலை பார்க்க எங்களுக்கு வருஷத்தில் ஒரே நாள்தான் கிடைக்கும், அது ஆயுத பூஜை. காலையில் பூஜை போட்டு, பூசணிக்காய் உடைத்து, பொரியும் ஸ்வீட் பாக்ஸும் கையில் கொடுத்ததும் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். அன்றைக்கு ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடக்கூடாது, பிரஸ் ஷாப்பின் மெயின் ஸ்விட்சை இறக்கிப் பூட்டிச் சாவியை கேட்டில் கொடுத்துவிடுவார்கள். கேட்டில் இருப்பவர் காசி அண்ணன். சேக்காட்டுக்காரர். ஒரு காலத்தில் அதே பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டராக இருந்து, வலது கையில் மூன்று விரல்களைப் பறிகொடுத்து, கேட்டுக்கு மாற்றப்பட்டவர். சேஃப்டியைக் கழற்றிவிட்டு ஓட்டினார், அவருடைய அஜாக்கிரதைதான் காரணம் என்று விசாரணையில் முடித்துவிட்டார்களாம். மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் கையை வைத்தேன், மிஷின் தானாக இறங்கியது என்று அவர் சொன்னதை ஒரு ஆள் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் முழுதாக நம்பியிருக்கவில்லை, கரண்ட் இல்லாமல் பிரஸ் எப்படி இறங்கும்?

எல்லாரும் போன பிறகு ஆபீஸ் அறையில் உட்கார்ந்து மாற்றத்தைச் செய்தேன். ஆபீஸுக்கும் சர்வருக்கும் தனி கரண்ட் லைன், அதில் சிக்கல் இல்லை. கண்டெய்னர்கள் எல்லாம் ஒழுங்காக எழுந்தன, எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. ஸ்கிரீனில் பிரஸ்கள் வரிசையாகச் சாம்பல் நிறத்தில் இருந்தன, மெயின் இல்லையே, அப்படித்தான் இருக்கும். பொரியை வாயில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன், நாலாம் நம்பர் பச்சையாக மாறியது. கணக்கு ஒன்று.

நாலாம் நம்பர் நான் சேர்ந்த நாளிலிருந்து சாம்பல்தான். பெட்டி பழுது, அந்த பிரஸ்ஸுக்கு மட்டும் கணக்கைக் கையால் எழுதுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அது பேசுகிறது என்றால்? முகவரியைப் பார்த்தேன். காரணம் சொல்லாமல் அடைத்து வைத்திருந்தார்களே, அதே முகவரி. சரி, எங்கோ தேங்கிக் கிடந்த பழைய கணக்கு இப்போது வந்து விழுகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, ரீபூட் செய்து, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு. அந்தப் பெட்டிக்கே கரண்ட் பிரஸ்ஸிலிருந்துதான் போக வேண்டும், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் உங்கள் இஷ்டம், பட்டப்பகலில் அது மூன்று என்று மாறியதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

காசி அண்ணனைக் கூப்பிட்டேன். எந்த பிரஸ் என்று அவரிடம் சொல்லவில்லை, ஷாப்பைத் திறங்கள், ஒன்று பார்க்க வேண்டும் என்றேன்.

“இன்னா மேடம், இன்னிக்கி போயி? மெயினு பூட்டி சாவி எங்கையில கீது பாருங்க” என்று சொல்லிக்கொண்டே வந்து திறந்தார்.

மெயின் கைப்பிடி இறங்கித்தான் இருந்தது, பூட்டும் இருந்தது. உள்ளே ஒரு சத்தம் இல்லை. ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, அடிக்கிற இடத்தில் டை என்கிற அச்சின் மேல் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். முதல் மூன்றிலும் பழம் உருண்டையாக இருந்தது. நாலாம் நம்பரில் பழம் அப்பளம் மாதிரி தட்டையாக ஒட்டிக் கிடந்தது, சாறு வழிந்து இன்னும் காயவில்லை. இறங்கி அடிக்கிற பாகம் மேலேயே இருந்தது. இறங்கிய மாதிரியே தெரியவில்லை.

காசி அண்ணன் அதைத் தொடவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“பாத்தீங்களா மேடம்,” என்றார். “அன்னிக்கும் இதே மிஷினு, இப்படித்தான். ஆஃப் பண்ணிட்டு பீஸை எடுக்க கைய வுட்டேன். அதுவா எறங்குச்சு. எவன் கேட்டான்?”

எனக்குப் பயம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பயத்தைவிட அதிகமாக ஒரு யோசனை வந்தது. விடிந்தால் விஜயதசமி, முதல் ஷிஃப்ட்டில் யாரோ ஒரு ஆபரேட்டர் வந்து இதே இடத்தில் கையை வைப்பார். அங்கேயே நின்று மேனேஜரை ஸ்பீக்கரில் கூப்பிட்டேன்.

“சார், ஒரு பிரஸ்லேர்ந்து கவுண்ட் வருது சார். மெயின் ஆஃப்லதான் இருக்கு” என்றேன்.

எந்த பிரஸ் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

“நாலாவதுதானே? அதத்தான் பழைய ஆள் அடச்சு வெச்சிருந்தான், நீ எதுக்கும்மா எடுத்தே? மொதல்ல திரும்பப் போடு. யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காதே” என்றார்.

“சார், காசி அண்ணன் பக்கத்துல இருக்கார்.”

போன் கட்டாகிவிட்டது.

அண்ணன் போனையே பார்த்தபடி சொன்னார், “மேடம், என் கை போறதுக்கு முன்னாடியே நாலாம் நம்பரு, கணக்கு காட்டுற போர்டுல வராது. நாங்க அடிச்ச பீஸு ஏறலியேன்னு சண்ட போட்டோம். கையால எழுதுங்கடான்னு மேனேஜரு சொன்னாரு. அப்போ, தெரிஞ்சிகினே தான் என்னிய அங்க நிக்க வெச்சாங்களா?”

மிஷினுக்குள் பேய் இருந்ததா, பிசாசு இருந்ததா, அது எனக்குத் தெரியாது. ஆனால் தானாக இறங்குகிறது என்று தெரிந்த பிறகு மிஷினை நிறுத்தாமல், அது சொல்கிற கணக்கை மட்டும் உள்ளே வரவிடாமல் செய்தார்களே, அதற்கு எந்தப் பேய் காரணம்? ஒரு மனிதனைப் பொய்யன் ஆக்கி, கேட்டில் உட்கார வைத்து, தினமும் அவர் வைக்கிற சலாமை வாங்கிக்கொண்டு காரில் உள்ளே போனார்களே! இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அந்தத் தடையை நான் திரும்பப் போடவில்லை. மறுநாள் காலையில் அண்ணன் கேட்டிலேயே நின்று, வந்த ஒவ்வொரு ஆபரேட்டரிடமும் நடந்ததைச் சொன்னார். ஒருவரும் நாலாம் நம்பர் பக்கம் போகவில்லை. எங்கள் இரண்டு பேரையும் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன், அனுப்பவில்லை, அனுப்பினால் பேச்சு வெளியே போகும் அல்லவா. பிரஸ்ஸைச் சரிசெய்வார்கள் என்றும் எதிர்பார்த்தேன். விற்றுவிட்டார்கள். ஒரு டிரெய்லர் வந்து ஏற்றிக்கொண்டு போனது. குத்தம்பாக்கம் பக்கம் ஏதோ ஒரு ஷெட் என்று ஒருவர் சொன்னார், ஸ்ரீபெரும்புதூர் என்று இன்னொருவர். யாருக்கு விற்றீர்கள், வாங்கினவரிடம் விஷயத்தைச் சொன்னீர்களா என்று மேனேஜரிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். “அது ஒன் வேலை இல்லம்மா.” அதைத் தவிர வேறு பதில் வரவில்லை.

போகும்போது பெட்டியை மட்டும் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். வயர் இல்லை, பேட்டரி இல்லை, என் டிராயரில்தான் கிடக்கிறது. ஆனால் நாலாம் நம்பர் கணக்கு ஏறிக்கொண்டுதான் இருந்தது, எப்போதாவது ஒன்று. சிரிக்கிறீர்களா, சிரியுங்கள். அது ஏறுகிற நேரமெல்லாம் கேட்டிலிருந்து காசி அண்ணன் என் அறைக்கு நடந்து வந்து, “மேடம், இப்போ ஒண்ணு ஏறுச்சா?” என்று கேட்பார். அவருக்கு அங்கே ஸ்கிரீன் கிடையாது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். போன விரல்களில் தெரிகிறதாம். ஒருதடவைகூடத் தப்பியதில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரம், அண்ணன் ஓடி வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. எண் அப்போதுதான் ஒன்று ஏறியிருந்தது.

“இந்த தபா சும்மா எறங்கல மேடம்,” என்றார். “நடுவுல இன்னாவோ இருந்துச்சு.”

அதற்குப் பிறகு அந்த எண் நகரவே இல்லை.