அத்தையைத் தவிர யாரையாவது

“பொம்பளப் பிள்ள இவ்ளோ படிச்சு என்னா ஆகப் போகுது லா? பாதியில விட்டுட்டு வந்துருவா, பாரு.”

நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வாரம், அப்பாவின் அக்கா எங்கள் ஜெலுத்தோங் வீட்டுக்கு வந்து, நான் ஊற்றிக்கொடுத்த தேநீரைக் குடித்தபடியே சொன்னது இது. எங்கள் குடும்பத்தில் அந்தப் படியேறிய முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமைதான், இன்றும். அன்றோடு அத்தையுடன் நல்லபடியாகப் பேசுவதை நிறுத்தினேன்; அவர் எது சொன்னாலும் வெடுக்கென்று திருப்பிக் கொடுப்பேன்.

சென்ற ஆண்டு தவக்காலம். கடைசித் தேர்வுகள் நெருங்கிய நேரத்தில் அம்மா காய்கறி வாங்கப் போன பாசாரில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தும் எழுந்து நடக்க முடியவில்லை. அப்பா உயிரோடு இல்லை. நான் ஒரே பிள்ளை. தேர்வை விட்டால் உதவித்தொகை நின்றுவிடும், படிப்பும் அதோடு போய்விடும். அம்மாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? முழங்காலிட்டு அழுதேன்.

“ஆண்டவரே, யாரையாவது அனுப்பும். அத்தையைத் தவிர.”

ஆண்டவருக்கு வேடிக்கை பிடிக்கும் போலிருக்கிறது. மறுநாள் காலை கதவைத் திறந்தால், கெப்பாலா பத்தாஸிலிருந்து இரண்டு பைகளோடு அத்தை! அம்மா போனில் சொல்லியிருக்கிறார்.

“என்னா முழிக்கிற? பையத் தூக்கு லா.”

அத்தை அம்மாவைக் குளிப்பாட்டினார், சமைத்தார். நான் படிக்க உட்கார்ந்தால் டிவியை அணைத்துவிட்டு, சூடாக மைலோ கலக்கி வைத்தார். பழைய பேச்சுக்கு அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அத்தனை வருடம் அவரிடம் நல்லதாக ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாவற்றையும் மதிப்பெண் எடுத்தே வாங்கிப் பழகியவள் நான். இதற்கு என்ன மதிப்பெண் எடுத்தேன்? ஒன்றுமில்லை. கோவிலில் காது புளிக்கக் கேட்ட ‘அருள்’ என்ற சொல் அன்றுதான் எனக்குள் இறங்கியது.

என் நாக்கு தானாகவே அடங்கியது. தட்டு கழுவினேன். “சாப்பிட்டீங்களா அத்தை?” என்று கேட்டேன். அவருக்கோ சந்தேகம்.

“உங்கம்மாவுக்கு இடுப்பு ஒடஞ்சிச்சு. ஒனக்கு வாய் ஒடஞ்சிச்சா? திருப்பிப் பேசவே மாட்டேங்குற!”

அம்மா சிரித்தார், வலியில் முனகினார், மறுபடியும் சிரித்தார்.

தேர்வில் தேறினேன். அம்மா நடக்கிறார். இப்போது நான் வேலை பார்க்கும் அலுவலகத்திலும், எனக்குப் பின் வந்தவர்கள் தவறு செய்தால் சீறத்தான் வாய் துடிக்கிறது. ஆனால் மதிப்பெண் எடுக்காமலே நான் வாங்கியது நினைவுக்கு வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன்.

அன்பானவர்களே, உங்கள் செபத்திலும் ‘இவரைத் தவிர’ என்று ஒரு பெயர் இருந்தால், அதை எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த மாதம் எனக்குப் பட்டமளிப்பு விழா. உடன் வர இரண்டு பேருக்குத்தான் இடம். அம்மாவின் பெயரோடு அத்தையின் பெயரையும் நேற்றே அனுப்பிவிட்டேன்.