பிரிஸ்கில்லாவின் குண்டூசி

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் தடுக்கி விழுந்தால் ஒரு கலைஞன் மேல்தான் விழ வேண்டும். ஒரு சந்தில் மெல்லிசைக் குழு ஒத்திகை, அடுத்த சந்தில் கட்-அவுட்டுக்கு வண்ணம், அதற்கும் அப்பால் நாடக ஏஜெண்டுகளின் கடைகள். சுற்றுப்பட்டி இளைஞர் மன்றங்கள் பொங்கலுக்குச் சமூக நாடகம் போடும். கதாநாயகன், வில்லன் எல்லாம் ஊர்ப் பையன்கள். கதாநாயகி மட்டும் திண்டுக்கல்லிலிருந்து வர வேண்டும்.

பிரிஸ்கில்லா அப்படிப் போகிறவள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, வசனத்தை ஒரு தடவை கேட்டுக்கொள்வாள். மேடையில் அவள் அழுதால் ஊரே அழும். கூத்தாடி என்று சொந்தக்காரர்கள் ஒதுக்கினார்கள். போனால் போகட்டும் என்று விட்டாள். ஒன்றை மட்டும் அவளால் சகிக்க முடியவில்லை. நாடகத்தின் நடுவில் ஊர்ப் பெரிய மனிதர் மேடையேறி, ரூபாய் நோட்டை நடிகையின் மார்புச் சேலையில் குண்டூசியால் குத்துவார். அன்பளிப்பாம். குத்துகிற சாக்கில் கை எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

ஒருநாள் அவள் கையை நீட்டினாள். "கையில குடுங்க." அன்றிலிருந்து வாய்ப்புகள் குறைந்தன. ஏஜெண்ட் ஞானராஜ் கூப்பிட்டுச் சொன்னார்:

"பழகுன வழக்கம்மா. பல்லைக் கடிச்சுக்கிட்டு நில்லு. சாணார்பட்டிப் பக்கம் ஒரு ஊரு கேக்குறாக. அங்கயும் மல்லுக்கு நின்னா, அப்புறம் எந்தக் கடையிலயும் உனக்கு மேடை இல்ல."

"போறேண்ணே," என்றாள். பல்லைக் கடிப்பதாக மட்டும் சொல்லவில்லை.

அந்த ஊரில் மூன்றாம் காட்சியில் பஞ்சாயத்துத் தலைவர் சோலைமலை வேட்டி சரசரக்க மேடையேறினார். ஒரு கையில் நோட்டு, மறு கையில் குண்டூசி. ஆர்மோனியம் நின்றது. இதோடு பிழைப்புப் போச்சு என்று தெரிந்தும் பிரிஸ்கில்லாவின் கை முந்திக்கொண்டது. நோட்டையும் ஊசியையும் வெடுக்கென்று வாங்கி, அவர் சட்டையிலேயே நெஞ்சுக்கு நேராகக் குத்தினாள்.

"இம்புட்டு நாளும் பெரிய மனுசனா நடிச்சீகல்ல தலைவரே, அதுக்கு அன்பளிப்பு," என்று மைக்கிலேயே சொன்னாள்.

முதலில் சிரித்தது பெண்கள் பக்கம்தான். தலைவர் சம்சாரம் மாயக்காளின் சிரிப்பு தனியாகக் கேட்டதாகச் சொல்வார்கள். மிச்ச நாடகத்தையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் பிரிஸ்கில்லா பஸ் ஏறினாள்.

ஏஜெண்டுகளின் கடைகள் அவளுக்குக் கதவைச் சாத்தின. மாசி முழுக்க மேடை இல்லை, அடுப்பும் சரியாக எரியவில்லை. தலைவரிடம் மன்னிப்புக் கேட்டால் போதும் என்று ஞானராஜ் ஆள் விட்டார்.

"நான் சட்டையிலதான குத்துனேன், அதுக்கு எதுக்கு மன்னிப்புன்னு கேளுங்க," என்று சொல்லி அனுப்பினாள்.

பங்குனியில் ஞானராஜே வந்து வாசலில் நின்றார். "செம்பட்டிப் பக்கத்து ஊர்க்காரக வந்துருக்காக. தலைவரைக் குத்துன பொண்ணுதான் வேணும்னு அவுக வீட்டுப் பொம்பளைக சொல்லிட்டாகளாம். இன்னும் ரெண்டு ஊர்லயும் இதே பேச்சு."

"வாரேண்ணே. நோட்டீசுல எம் பேருக்குக் கீழ ஒரு வரி போடணும்."

போட்டார்கள். "கதாநாயகி: திண்டுக்கல் பிரிஸ்கில்லா. அன்பளிப்பைக் கையில் கொடுக்கவும்."

அடுத்தடுத்த வருஷங்களில் மற்ற நடிகைகளும் அந்த வரியைக் கேட்டு வாங்கினார்கள். அது தன் யோசனை என்று ஞானராஜ் சொல்லித் திரிந்தார். சொல்லிக்கொள்ளட்டும் என்று பிரிஸ்கில்லா விட்டுவிட்டாள். ஆனால் மேடையேறும்போதெல்லாம் முந்தானையில் ஒரு குண்டூசியைக் குத்தி வைத்துக்கொள்வாள், எந்த ஊரிலாவது எவனாவது படிக்கத் தெரியாதவன் மாதிரி நடித்தால் இருக்கட்டும் என்று.