மாணிக்கம் ஒப்புக்கொள்ளாத பந்துகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்று சொன்ன மாணிக்கம் வரவில்லை. அவருக்கென்று போட்ட தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியது. மனிதர் எந்தக் காலத்தில் சொன்ன நேரத்துக்கு வந்தார் என்று நான் திட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பண்டார் ஹிலிரில் துணிக்கடை வைத்திருக்கும் காதர் பாய் பேசினார். எனக்கும் மாணிக்கத்துக்கும் வாலிப நாளிலிருந்து சிநேகிதர்.

“கிராணி, மாணிக்கம் போய்ட்டாரு லா. சாப்ட்டுட்டுப் படுத்தவரு எந்திரிக்கவே இல்ல.”

வாயில் பாதி வசவு மிச்சமிருந்தது. அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இழவு வீட்டில் பலரும் அவரைப் பொறுமைசாலி என்றார்கள். இதைப் படிக்கிற காஜா பேராங் பேட்டைக்காரர்களே, உங்களுக்குத் தெரிந்த மாணிக்கம் வேறு யாரோவாக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தவர் பிடிவாதக்காரர். ஜப்பான்காரன் காலத்தில், ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தபோது, ஒரு பந்துக்காக எங்களை அவர் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை.

மாணிக்கமும் அவர் தம்பி சுப்பையாவும் துரைமார் கிளப்பில் வேலை பார்த்தவர்கள். நீளமான பலகைத் தடத்தில் துரைமார் கனத்த பந்தை உருட்டி, கோடியில் நிற்கும் கட்டைகளைச் சாய்ப்பார்கள். சாய்ந்ததை நிமிர்த்தி வைத்து, பந்தைத் திருப்பி அனுப்புவது அண்ணன் தம்பிக்கு வேலை. துரைமார் ஓடிப்போனார்கள். கிளப்புக்குள் புகுந்த ஜப்பான்காரர்கள் பலகைகளைப் பெயர்த்து மழையில் எறிந்தார்கள். அண்ணன் தம்பி அவற்றைச் சுமந்து வந்து வீட்டுக்குப் பின்னால் பதித்தார்கள். கட்டைகளோடு பந்தும் ஒன்று கிடைத்தது. கறுப்பான கெட்டி ரப்பர் பந்து, விரல் விட இரண்டு குழிகள். ஒரு பக்கம் தேய்ந்திருந்ததால் கடைசியில் இடதுபுறம் மெல்லத் திரும்பும். அந்தத் திருப்பம் அவர்கள் இருவருக்கும்தான் பிடிபட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களையெல்லாம் தோற்கடித்துவிட்டுச் சிரிப்பார்கள்.

பிறகு ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். பசாருக்குச் சாமான் வாங்கப் போன சுப்பையாவை லோரியில் ஏற்றிவிட்டார்கள். மாணிக்கம் பின்னாலேயே ஓடினார். லோரியிலிருந்து தம்பி கத்தியது எனக்கும் கேட்டது.

“அண்ணே, பந்தப் பத்திரமா வச்சிரு! வந்து ஆடுறேன்!”

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட அவர் ஆட்டத்தை விடவில்லை. எதிரே ஆட யாரும் வராவிட்டாலும் தனியாக உருட்டுவார். அப்படி உருட்டிய ஒரு நாள் பந்து கோடியிலிருந்த கல்லில் மோதி, இரண்டு குழிக்கும் நடுவே வாய் பிளந்தது. தாரை ஊற்றிப் பார்த்தார், கம்பியைச் சுற்றிப் பார்த்தார். அது உருளவில்லை. அன்றிலிருந்து எங்களுக்கு ஏழரை.

கம்போங் செட்டியில் ஒரு தச்சர் இருந்தார். செட்டி மக்கள் பலரையும் போல அவருக்கும் வீட்டுமொழி மலாய்தான். நல்ல வைரம் பாய்ந்த மரத்தில் அவர் ஒரு பந்து கடைந்து கொடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு நேர்த்தி. மாணிக்கம் உருட்டினார். பந்து நேராகப் போய் எல்லாக் கட்டைகளையும் சாய்த்தது.

“இது அது இல்ல,” என்றார் மாணிக்கம்.

தச்சர் என்னைப் பார்த்து, “அப்பா லாகி டியா மாவு?” என்றார். இவனுக்கு இன்னும் என்னதான் வேண்டும் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வேன்.

அடுத்து காதர் பாய் ஒரு சாக்கு மூட்டையோடு வந்தார். உள்ளே கோட்டைப் பக்கம் யாரோ தோண்டியெடுத்த பழைய பீரங்கிக் குண்டு. “உருண்டையாத்தானே கேட்டீங்க?” என்றார். உருட்டியதில் பலகை ஒன்று உடைந்தது. ஜப்பான்காரன் பார்த்தால் தலையை எடுத்துவிடுவான் என்று நான் நடுங்க, மாணிக்கம் குண்டைத் தடவிப் பார்த்து அதே மூன்று வார்த்தைகளைச் சொன்னார். அன்று காதர் பாய்க்கே கோபம் வந்துவிட்டது.

கடைசியில் நான் மாட்டிக்கொண்டேன். அப்போது நான் புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. வாங்க ஆளில்லாமல் ரப்பர் குவிந்து கிடந்தது. சுற்றிலும் ரப்பர், ஒரு பந்து செய்ய வழியில்லை என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? கெட்டி ரப்பருக்குக் கந்தகம் வேண்டும், அதற்கென்று தனிச் சூடு வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டால் பதமாகிறது, பந்தையும் புகை போட்டால் இறுகிவிடும் என்று தோட்டத்து மூளை கணக்குப் போட்டது. பட்டை பட்டையாக வெட்டிச் சுற்றி, அழுத்திக் கட்டி, புகைக்கூடத்தில் தொங்கவிட்டேன். நாற்றமடிக்கும் பூசணிக்காய் ஒன்று இறங்கி வந்தது. பழைய பந்தின் கனத்தில் பாதிகூட இல்லை. தடத்தில் விட்டால் தவளை மாதிரி தத்திப் பக்கத்துக் கொல்லைக்குப் போனது.

மாணிக்கம் அதை எடுத்து வந்து கோழிக்கூண்டுக்கு அடியில் எறிந்தார்.

“கெழங்கத் தின்னுட்டு இதுக்காக நான் நாயா அலைஞ்சிருக்கேன்! ஒங்க பந்தாச்சு, நீங்களாச்சு!” என்று கத்தினேன்.

அவர் பலகையின் மேல் உட்கார்ந்தார். “கோவப்படாதீங்க கிராணியாரே. தம்பி வந்து கையில தூக்குறப்ப, வேற பந்துன்னு தெரியக்கூடாது. பாத்து வச்சிக்கன்னுதானே சொல்லிட்டுப் போனான்? அது ஒண்ணுதான் எங்கிட்ட சொன்னான்.”

எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. சயாமிலிருந்து யாரும் திரும்புவதாகத் தெரியாத நாட்கள் அவை. இருந்தும், அடுத்த ஞாயிறும் போனேன்.

ஜப்பான்காரன் தோற்றுப்போன பிறகு சுப்பையா வந்து சேர்ந்தான். எலும்பின் மேல் தோல், காலெல்லாம் புண். வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே கொல்லைக்குப் போனான். பிளந்த பந்தைப் பார்த்தான். தச்சரின் மரப்பந்தைத் தூக்கப் பார்த்தான். முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். நாங்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தோம்.

மாணிக்கம் கோழிக்கூண்டுக்கு அடியில் படுத்துக் கையை விட்டார். என் பூசணிக்காயை இழுத்து, கோழி எச்சத்தைக் கழுவி, வேட்டியில் துடைத்துத் தம்பி மடியில் வைத்தார். சுப்பையா அதை இரண்டு கையாலும் தூக்கி உருட்டினான். அது தத்தித் தத்திப் போய் ஓரத்துக் கட்டை ஒன்றைச் சாய்த்தது.

“அண்ணே, என்னாண்ணே இது?” அவன் சிரித்தான்.

“இதான்டா பந்து,” என்றார் மாணிக்கம்.

என் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று அவரைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, ஓர் அறை விடவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் இருந்துவிட்டேன்.

கருமாதி முடிந்ததும் சுப்பையா அந்தப் பந்தை ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தான். பிசுபிசுத்து, ஒரு பக்கம் அமுங்கி, இன்னும் புகை நாற்றம் அடிக்கிறது. இனி அவருடையது என்று என்னிடம் இருப்பது அதுவும், அவர்மேல் தீராத என் கோபமும்தான்.

நான் தனியாக இருப்பேனே என்று போன ஞாயிற்றுக்கிழமை காதர் பாய் வந்தார். தங்கமான மனிதர். சொன்ன நேரத்துக்கு, தேநீர் ஆவி பறக்கும்போதே வாசலில் நின்றார். இது அது இல்ல என்று என் வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.