ஆறு பேருக்கான சீட்டு

கோயம்புத்தூரிலிருந்து மகள் குடும்பத்தோடு வந்தது பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைக்காக என்று சொன்னார்கள். பழமையான ஊர் ஒன்றை விடுமுறையில் நேரில் பார்த்து நாலு பக்கம் எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். தாத்தா நான் பக்கத்து மானகிரியில் இருக்கும்போது காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் எது? ஆனால் அவள் பார்க்க வந்தது என்னை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு நான் தனியாக இருக்கிறேன். மாசியில் ஒருநாள் அடுப்பை அணைக்காமல் கடைக்குப் போய்விட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டுவிட்டார். இன்னும் ஒரு தப்பு நடந்தால் வீட்டைப் பூட்டி என்னையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

அதனால் அன்று கவனமாக இருந்தேன். தண்ணீர் பாட்டில், தொப்பி, குடை எல்லாவற்றையும் எண்ணி வண்டியில் ஏற்றினேன். பார்வையாளருக்குத் திறந்துவிட்டிருக்கும் செட்டிநாட்டு வீடு ஒன்றின் முன்னால் இறங்கினோம். நுழைவுச்சீட்டு வாங்க மாப்பிள்ளை நகர்ந்தார்.

"நீங்க இருங்க மாப்ளே. இது எங்க ஊரு" என்று தடுத்துவிட்டு நானே போய் வாங்கிவந்தேன்.

உள்ளே வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் பர்மாத் தேக்குத் தூண்கள், அவற்றுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். தூண்களை எண்ணினேன். வடக்குப் பக்கம் சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினேன்.

"இந்த வீட்டுக்காரரே இத்தன தடவ எண்ணியிருக்க மாட்டாருங்க மாமா" என்றார் மாப்பிள்ளை.

எண்ணிக்கையைக் குறித்துவைக்கச் சட்டைப்பையில் தாள் தேடினேன். நுழைவுச்சீட்டு கைக்கு வந்தது. ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே சீட்டு. அதில் "பெரியவர் 4, சிறியவர் 2" என்று இருந்தது.

நாங்கள் வந்திருந்தது நான், மகள், மாப்பிள்ளை, பேத்தி, பேரன். பெரியவர் மூன்றே பேர். சீட்டுக் கொடுத்த பெண் எத்தனை பேர் என்று கேட்டபோது, மகள் குடும்பத்தோடு வெளியே போனால் எப்போதும் சொல்கிற கணக்கை வாய் தானாகச் சொல்லியிருக்கிறது. சீட்டை மடித்து மறுபடியும் பைக்குள் தள்ளினேன்.

வீட்டைச் சுற்றிக்காட்டியவர் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு மகனுக்கும் கல்யாணம் ஆனா இதுல ஒரு அறை. அன்னையிலேருந்து அவுக ஒரு புள்ளி. புருசனும் பொஞ்சாதியும் சேந்து ஒரு புள்ளி. கோயில் வரியெல்லாம் புள்ளிக் கணக்குதான்."

"ஒருத்தர் செத்துப்போனா?" என்று கேட்டாள் பேத்தி.

"அப்ப அரைப் புள்ளி பாப்பா."

"அப்ப எங்க தாத்தா அரையா?"

மகள் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "உங்க தாத்தா பண்ற தொந்தரவுக்கு ஒண்ணே முக்கால்னு எழுதிக்க" என்றார் மாப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாடிப்படிக்குக் கீழே நாற்காலியில் ஓர் அம்மாள் சீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு முழங்கால் வலிக்கிது, நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

"சீட்டக் குடுத்துட்டு உக்காருங்கப்பா" என்று மகள் கையை நீட்டினாள். வேறு வழியில்லை. வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த அம்மாள் அதை அவள் கையிலிருந்து எடுத்து எங்களை எண்ணினார்.

"ஆறு பேருக்குப் போட்டிருக்கு. அஞ்சு பேருதான நிக்கிறீக? இன்னொருத்தவுக எங்குட்டு?"

நான் தரையின் ஆத்தங்குடிக் கல்லைப் பார்த்தேன். மகள் கோயம்புத்தூர்ப் பேச்சுக்கு மாறி வருடங்கள் ஆகின்றன. அன்று எங்கள் பேச்சில், நிதானமாகச் சொன்னாள்:

"அவுக மெதுவா வாராக. நாங்க முன்னாடி போறோம்."

அந்த அம்மாள் தலையை ஆட்டிச் சீட்டின் மூலையைக் கிழித்துக் கொடுத்தார். மகள் என் முழங்கையைப் பிடித்து ஏற்றினாள். மேலே போனதும் சன்னல் ஓரத்தில் நின்று மூக்கை உறிஞ்சினாள். தூசி என்றாள். தூசியும் இருந்தது.

திரும்பும்போது வண்டிக் கதவருகே நின்று, "எல்லாரும் ஏறியாச்சான்னு எண்ணுங்கப்பா" என்றாள்.

எண்ணினேன். "அஞ்சு."

"சரிதான்."

சீட்டைப் பற்றி அவள் கேட்பாள் என்று குன்றக்குடிச் சாலை திரும்பும்வரை காத்திருந்தேன். கேட்கவில்லை. கடைசியில் நானே கேட்டேன்: "லீவு முடிஞ்சு ஊருக்குப் போறப்ப எத்தன பேரு?"

"அத நீங்கதான் எண்ணிச் சொல்லணும்" என்றாள், சாலையைப் பார்த்தபடி.

நாளை புறப்படுகிறார்கள். கூடத்தில் மூன்று பெட்டிகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். என்னுடையது பரண்மேல் இருக்கிறது. இறக்கித் தர மாப்பிள்ளையைக் கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டே, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.