நிரப்பாத போத்தல்

மகள் வயிற்றோட்டத்தில் இறந்த ஐந்தாம் நாள், ஆரையம்பதியில் எங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். ஒல்லியான மனிதர். ஹெல்மெட் அழுத்திய தடம் நெற்றியில் சிவந்திருந்தது. சோதனைப் போத்தலை நிரப்புமுன் கண்களை மூடி வாளித் தண்ணீரை முகர்ந்துபார்ப்பார். பக்கத்து வீட்டிலும் அப்படித்தான் செய்தார்.

எங்கள் வாளியை முகர்ந்தவர் கண்களைத் திறக்க நேரமெடுத்தார்.

"குளோரின் போட்டீங்களா அக்கா?"

"ஓம், நேத்துப் போட்டன். கிணறு ஊத்தை எண்டு வந்தா சனம் கதைக்குமே."

அவர் ஏசவில்லை. வெறும் போத்தலைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"பிள்ளை குடிச்ச தண்ணி இனி இல்லை அக்கா. இதைச் சோதிச்சு என்ன?"

மோட்டார் சைக்கிளை உதைக்குமுன் என்னை ஒருமுறை பார்த்தார். மகளைக் கொன்றது எங்கள் கிணறா என்பது எனக்கே தெரியக்கூடாது என்றேதான் போட்டேனா என்று அவர் கேட்கவேயில்லை.