சைடுகாருக்கு நாலாவது பிடி

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தூத்துக்குடியிலிருந்து தருவைகுளம் போகிற சாலையில், நான் ஒரு சைடுகாரோடு உப்பளத்துக்குள் இறங்கினேன். 'இறங்கினேன்' என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். பார்த்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள்.

நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியை. அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு. என் கணவர் துறைமுகத்தில் பாரம் தூக்கும் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தவர். எந்தச் சுமைக்கு எந்தக் கம்பிக் கயிறு, எத்தனை இடத்தில் பிடி போட வேண்டும், தூக்கினால் எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. ஒரு மழை நாளில் கப்பல் ஏணியில் கால் வழுக்கி விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. உயிர் பிழைத்தார், இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வரும். டிரைவரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கக்கத்தில் கை கொடுத்து அவரைத் தூக்கி உள்ளே வைப்பார்கள். ஒருநாள் திரும்பி வந்ததும், "இனிமே எங்கயும் வேண்டாம். என்னையத் தூக்கி எறக்குறதத் தெருவே நின்னு பாக்கு" என்றார். அதன்பின் அவர் வாசலைத் தாண்டவே இல்லை. சக்கர நாற்காலியிலேயே வீட்டுக்குள் முன்னும் பின்னும் போய்வருவார். பேச்சும் குறைந்துவிட்டது.

வீட்டின் பின்பக்கம் அவருடைய பழைய புல்லட் தூசி படிந்து நின்றது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக் இருக்கும் அந்தக் காலத்து வண்டி. அதன் இடப்பக்கம் ஒற்றைச் சக்கரத்தோடு ஒரு சைடுகார்ப் பெட்டியைப் பூட்டி, அவரை உட்கார வைத்து நானே ஓட்டுவது என்று முடிவு செய்தேன். ஸ்கூட்டர் ஓட்டித்தான் பழக்கம். ஆனாலும் பள்ளி விட்டு வந்ததும் தினமும் துறைமுகச் சாலையில் பழகி, இரண்டே மாதத்தில் புல்லட்டை வசத்துக்குக் கொண்டுவந்தேன். கீழே போட்டது மூன்று தடவைதான். ஒரு காரியத்தைத் தொட்டால் முடிக்காமல் விட மாட்டேன் என்பது என் குணம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சைடுகார் சாயர்புரத்தில் கிடைத்தது. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தன் ஸ்கூட்டரில் மாட்டியிருந்ததைக் கழற்றித் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். தகரத்தில் செய்த, மூக்கு நீண்ட அழகான பெட்டி. "இது ஸ்கூட்டருக்குன்னு செஞ்சது. உங்க வண்டி கனமான வண்டி. வெவரம் தெரிஞ்ச ஆளை வச்சுப் பூட்டுங்க" என்று அவர் நேர்மையாகத்தான் சொன்னார். தெரிந்த ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டு அதை ஏற்றி வந்தேன்.

மூன்று மாதம் அளந்தேன். ஒரு நோட்டில் பாதிக்கு மேல் படங்களும் கணக்குகளுமாக நிரம்பின. சைடுகாரின் சக்கரம் சின்னது, புல்லட்டின் சக்கரம் பெரியது. அப்படியே பூட்டினால் பெட்டி தரையோடு தரையாகக் கிடக்கும். அதற்குப் பெரிய சக்கரம் தேடினேன். புல்லட்டின் சட்டத்தில் மூன்று இடத்தில் பிடி போட்டுப் பெட்டியை இணைப்பது என்று திட்டம். எங்கள் தெருமுனையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த அண்ணாச்சி நான் வரைந்து கொடுத்தபடியே செய்து தந்தார். அந்த நோட்டில் என் கணவர் எழுபத்திரண்டு கிலோ. அவ்வளவுதான்.

அவர் பின்வாசல் வரை நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பார்த்தபடி இருப்பார். ஓரிரு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நான் பாத்துக்கிடுதேன், நீங்க அலட்டிக்கிடாதீங்க" என்று பிரியமாகத்தான் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை வெளியே எடுத்தபோது மட்டும், "ஏளா, வெறும் பெட்டியோட போவாத. எதையாவது வச்சுட்டுப் போ" என்றார். சும்மா ஒரு சுற்றுதானே என்று சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஊர் எல்லை வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. வேகம் கூட்டினால் வண்டி இடப்பக்கம் இழுத்தது, பிரேக் பிடித்தால் வலப்பக்கம் போனது. அதுவும் சீக்கிரம் பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். உப்பளங்களுக்கு நடுவில் சாலை இடது பக்கம் வளைகிற இடம் வந்தது. இரண்டு சக்கரத்தில் செய்வது போல உடம்பைச் சாய்த்தேன். வண்டி சாயவில்லை, திரும்பவும் இல்லை. பதறி ஹேண்டில்பாரை வெடுக்கென்று இடப்பக்கம் திருப்பினேன். வண்டி திரும்பியது. கூடவே காலிப் பெட்டி தரையை விட்டு எழும்பியது. என் இடது முழங்கைக்குப் பக்கத்தில் அதன் சக்கரம் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பயத்தில் கை தானாக வலப்பக்கம் திரும்ப, பெட்டி தொப்பென்று கீழே விழுந்தது. வண்டி சாலையைக் குறுக்கே கடந்தது. எதிரே உப்பு லாரி.

லாரிக்காரர் பிரேக் போட்ட சத்தம் மட்டும் கேட்டது. லாரி முகப்புக்கு ஒரு முழம் முன்னால் கடந்து, வரப்பைத் தாண்டி, பாத்திச் சேற்றில் போய்ப் புதைந்தேன். கண்ணைத் திறந்தபோது வாயெல்லாம் உப்பு. கை கால் இருந்தன. வண்டிதான் மூக்குக் குப்புறக் கிடந்தது; பெட்டியின் பின்பக்கம் பிடியை விட்டு விலகி ஆடியது.

லாரி டிரைவர் இறங்கி ஓடி வந்தார். என் தம்பி வயது இருக்கும். திட்டுவார் என்று நினைத்தேன். "யக்கா, ஒண்ணும் ஆவலியே?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் நாலு பேரும் வந்துவிட்டார்கள். எல்லோருமாக லாரியில் இருந்த கயிற்றைக் கட்டி வண்டியை மேலே இழுத்தார்கள்.

டிரைவர் பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தார். இது யாருக்கு என்று கேட்டார். நான் சொன்னேன். விபத்து, நாற்காலி, மூன்று மாதக் கணக்கு எல்லாவற்றையும், அந்தச் சேற்றோடு நின்றும், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் என்ன வேலை என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அப்பம் அவுகள வச்சுல்லா இதைப் பூட்டியிருக்கணும்?" என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். விழுந்தபோது வராத அழுகை அப்போது வந்தது.

பெண்கள் இரண்டு காலிச் சாக்குகளில் வரப்பு மண்ணை நிரப்பிப் பெட்டிக்குள் வைத்தார்கள். விலகியிருந்த பிடியை டிரைவர் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். "பையப் போங்க, நான் பின்னாலயே வாரேன்" என்றார். அவர் போக வேண்டியது எதிர்த்திசையில். லாரியைத் திருப்பிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்த எனக்குப் பின்னால், மற்ற வண்டிகள் ஹாரன் அடிக்க அடிக்க, எங்கள் தெருமுனை வரை வந்தார். நான் இறங்கி நன்றி சொல்வதற்குள் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

என் கணவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு பெட்டிக்குள் பார்த்தார். மண் மூட்டையை வைத்தது யார் என்று கேட்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், அந்த டிரைவர் கேட்ட கேள்வி உட்பட.

"மூணு மாசமா அளந்த," என்றார். "என்னைய ஒரு வார்த்த கேக்கலியே."

"தப்புதான். நீங்களே பூட்டித் தாங்க" என்றேன்.

மறுநாள் காலை, நான் எழுப்புவதற்கு முன்பே அவர் பின்வாசலில் இருந்தார். பாய் விரிக்கச் சொல்லி, கையை ஊன்றித் தானே தரைக்கு இறங்கி, வண்டிக்குக் கீழே தலையைக் கொடுத்துப் பார்த்தார். மூன்று பிடி போதாது, நாலாவது வேண்டும் என்றார். நாலு மூலையில் பிடிக்காத சுமை எப்படியும் ஒரு பக்கம் ஆடும் என்பது அவருக்கு இருபது வருடப் பாடம். பெட்டியை வண்டியை விட்டு இன்னும் ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னார். சக்கரங்களை ஒட்டி நூல் பிடித்து, சைடுகார் சக்கரத்தின் முன்பக்கம் மயிரிழை உள்நோக்கி இருக்கும்படி திருத்தினார். புல்லட்டைப் பெட்டிக்கு எதிர்ப்பக்கம் துளி சாய்த்து நிறுத்தினார். எல்லாவற்றையும், "வெறும் பெட்டிய வச்சு அளக்காத, நான் உக்காந்த பெறகு அள" என்று சொல்லித் தான் உட்கார்ந்துகொண்டே அளக்க வைத்தார்.

இன்னொன்றும் சொன்னார். அதைக் கேட்டு நான் தலைகுனிந்தேன். அவர் எப்படி உள்ளே ஏறுவார் என்று நான் யோசிக்கவே இல்லை. இரண்டு பேர் தூக்கி வைப்பார்கள் என்றுதான் என் மனதில் இருந்திருக்கிறது. எதற்காக அவர் வெளியே போவதை நிறுத்தினாரோ, அதையே என் பெட்டியிலும் செய்து வைத்திருந்தேன். அவர் பெட்டியின் பக்கவாட்டை வெட்டிக் கதவு வைக்கச் சொன்னார். மேலே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. நாற்காலியின் உயரத்துக்கே இருக்கை. முதல் தடவை அவர் தன் கை பலத்திலேயே நாற்காலியிலிருந்து அதற்குள் மாறி உட்கார்ந்தபோது, வெல்டிங் அண்ணாச்சி கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, ஆர்.சி.யில் பதிந்து வாங்கிய பிறகு, இருவருமாகத் தருவைகுளத்துக்குக் கிளம்பினோம். அந்த வளைவு வரும்போது வேகத்தைக் குறைத்தேன். அவர் முன்கூட்டியே கம்பியைப் பிடித்து இடப்பக்கம் உடம்பைச் சாய்த்து, "சாயாத, ஹேண்டில மட்டும் திருப்பு" என்றார். வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. நேர்ச்சாலை வந்ததும், "கொஞ்சம் விடு" என்றார். விட்டேன். அவர் சட்டை காற்றில் படபடத்தது. விபத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

கடற்கரையில் படகுக்காரர்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் பிடியைத் தட்டிப் பார்த்தார், ஒருவர் சக்கரத்தை. என் கணவர் ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே இருந்தார். நான் ஓரமாக நின்று இளநீர் குடித்தேன். போன வருடம், சங்கு குளிக்கப் போய்க் கால்கள் செயலிழந்த ஒருவருக்கு என் கணவரே முன்னின்று ஒரு சைடுகார் பூட்டிக் கொடுத்தார். முதல் நாளே அந்த மனிதரை வரவழைத்து, எப்படி ஏற வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொண்டார்.

என் கணக்கின் மேல் எனக்கு இருக்கிற நம்பிக்கை இன்றும் குறையவில்லை, ஆனால் ஒருவருக்கு நல்லது செய்யப் போகிறேன் என்று கிளம்பும்போது, "இதுல உங்களுக்கு என்ன தோணுது?" என்று அவரையே கேட்காமல் இப்போதெல்லாம் நான் முதல் கோட்டைப் போடுவதில்லை.